யதெங்காவின் ஸாய்க் குழிகள்

புர்கினா ஃபாசோவின் வடபகுதியிலுள்ள யதெங்கா, சகாராவை ஒட்டிய வறண்ட சஹேல் நிலப்பரப்பைச் சேர்ந்தது. 1970களிலும் 1980களிலும் நிலவிய வறட்சியில் நிலம் இறுகிக் கட்டாந்தரையானது. பெய்த மழையும் மண்ணில் இறங்காமல் வழிந்தோடியது. பலர் ஊரைவிட்டு வெளியேறினர்.

அக்காலத்தில் கூர்கா கிராமத்து விவசாயி யாகூபா சவடோகோ, ஸாய் என்னும் பழைய குழிமுறையைச் சீர்படுத்தினார். மழைக்கு முன்பே, வறண்ட மாதங்களில், குழிகளை வழக்கத்தைவிட அகலமாகவும் ஆழமாகவும் வெட்டிச் சாண எருவும் குப்பையும் இட்டார். எருவைத் தேடி வந்த கறையான்கள் மண்ணைத் துளைத்தன; அந்தத் துளைகள் வழியே நீர் உள்ளிறங்கியது. மழை தொடங்கியதும் குழிகளில் சோளமும் கம்பும் விதைக்கப்பட்டன. எருவோடு கலந்து வந்த மர விதைகளும் முளைத்தன. அவற்றைக் களையாமல் வளரவிட்டதால் நாளடைவில் அங்கே காடு உருவானது. குழி வெட்ட ஹெக்டேருக்குச் சில நூறு மணி நேரம் உழைக்க வேண்டும் என்பதே இம்முறையின் பெரிய சிரமம்.

1984 முதல் சவடோகோ ஆண்டுக்கு இருமுறை கூர்காவில் சந்தை கூட்டினார். சுற்றுவட்டார விவசாயிகள் விதைகளையும் அனுபவங்களையும் அங்கே பரிமாறிக்கொண்டனர். 1989இல் நைஜரின் இல்லேலா வட்டார விவசாயிகள் யதெங்காவுக்கு வந்து குழிகளைப் பார்த்தனர். ஊர் திரும்பியதும் தஸ்ஸா என்ற பெயரில் அதையே கடைப்பிடித்தனர். மறுவருட வறட்சியில் குழி வெட்டிய வயல்கள் ஓரளவு விளைந்ததால் பிறரும் பின்பற்றினர்.

சவடோகோவுக்கு 2018இல் ரைட் லைவ்லிஹுட் விருது வழங்கப்பட்டது. அவர் 2023 டிசம்பரில் காலமானார்.