சிறுநீர்ப் பரிசோதனையும் மிகையான நீரும்

மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ பிரதேசம், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயினால் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்றாகும். 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலில் கவனத்திற்கு வந்த இந்நோய், ஆரம்பத்தில் பெரும்பாலும் எவ்வித அறிகுறியையும் காட்டுவதில்லை. பரிசோதனையே அதனைக் காட்டிக்கொடுக்கின்றது. ஆனால், பரிசோதனைக்கு முன்னர் அருந்தும் நீரே பெறுபேற்றை மாற்றிவிடக்கூடும் என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை.

தொலைவிலிருந்து பஸ்ஸில் வந்து கிளினிக்கில் காத்திருப்போர், சிறுநீர் மாதிரியை விரைவாகக் கொடுத்துவிட்டுத் திரும்பும் அவசரத்தில் போத்தல் கணக்கில் நீர் அருந்துவதுண்டு. அவ்வாறு அருந்தும்போது சிறுநீர் நீர்த்துவிடுகின்றது. சோதனைப் பட்டி அளப்பது புரதத்தின் மொத்த அளவையன்று, அதன் செறிவையே ஆகும். எனவே, சிறிதளவு புரதம் கசிந்துகொண்டிருந்தாலும் பெறுபேறு 'இல்லை' என வரக்கூடும். இச்சிறுநீரக நோயில் ஆரம்பத்தில் வெளியேறும் புரதம் இயல்பாகவே குறைவு என்பதால், இத்தவறு மேலும் பாரதூரமானதாகின்றது.

மருந்துகள் உடலில் உள்ளனவா எனச் சிறுநீரில் பார்க்கும் பரிசோதனைகளுக்கும் இவ்விதியே பொருந்தும். வைத்தியர் எழுதிக்கொடுத்த வலிநிவாரணியை ஒழுங்காக உட்கொள்ளும் ஒருவரின் நீர்த்த மாதிரியில் அம்மருந்து தென்படாமற் போகலாம். அதனால் அவர் மருந்தை உட்கொள்ளவில்லை என்ற வீண் சந்தேகத்திற்கும் ஆளாகலாம். நீர் குடித்துப் பரிசோதனையை ஏமாற்றலாம் என எண்ணுவோரும் உளர். ஆயின், ஆய்வுகூடங்கள் கிரியற்றினின் அளவையும் தன்னீர்ப்பையும் சேர்த்தே அளக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் அரச விதிகளின்படி, கிரியற்றினின் ஒரு டெசிலீற்றருக்கு 2 மில்லிகிராமுக்குக் குறையாமலும் 20 மில்லிகிராமுக்குக் குறைவாகவும், தன்னீர்ப்பு 1.0010இற்கும் 1.0030இற்கும் இடைப்பட்டும் இருப்பின் அது 'நீர்த்த மாதிரி' எனக் குறிக்கப்படுகின்றது. குறுகிய நேரத்தில் பல லீற்றர் நீரை அருந்துவது குருதியின் சோடியத்தைக் குறைத்து உயிருக்கே ஆபத்தை விளைவிக்கலாம் என்பதையும் மறத்தலாகாது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. காலையில் எழுந்ததும் வெளியேறும் முதற் சிறுநீர் செறிவுமிக்கது. அல்புமினைக் கிரியற்றினினுடன் ஒப்பிடும் விகிதப் பரிசோதனை, நீர்த்தலின் விளைவைப் பெருமளவு சீர்செய்கின்றது. கிரியற்றினின் ஒரு கிராமுக்கு அல்புமின் 30 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலாக மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பின், அது சிறுநீரகப் பாதிப்பின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது. குருதியில் கிரியற்றினின் அளவைப் பார்ப்பதும் அவசியமாகும்.

நீர் அருந்துவதைக் கைவிடுமாறு நாம் கூறவில்லை. வெயிலில் வயலிலும் தோட்டத்திலும் உழைப்போர் தாகத்தை அடக்கலாகாது. வைத்தியர் கூறிய அளவில், வழமைபோல அருந்துவதே முறையாகும். பரிசோதனைக்கு முன்னர் மிகையாக அருந்தியிருப்பின், அதனை ஆய்வுகூட ஊழியரிடம் தயங்காது கூறுதல் வேண்டும். அவர்களும் இவ்விடயத்தை மக்களின் மொழியில் கேட்டறிதல் வேண்டும். தமிழில் எழுதிய சிறு அறிவித்தலொன்று கிளினிக் வாசலில் இருப்பின், தவறான பெறுபேற்றால் நோயை அறியாது வீடு திரும்பும் அவலத்தை ஓரளவேனும் தவிர்க்கலாம் என்பதே எமது கருத்தாகும்.