வட்டவளை ஏற்றமும் டீசல் கணக்கும்

அவிசாவளையில் தொடங்கி, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கும் அங்கிருந்து நுவரெலியாவுக்கும் ஏறிச் செல்லும் ஏ7 நெடுஞ்சாலையில், கினிகத்தேனைக்கும் ஹட்டனுக்கும் இடையே அமைந்திருக்கும் வட்டவளை, தென்மேற்குப் பருவமழையை நேருக்கு நேர் ஏற்கும் சரிவில் இருப்பதால் இலங்கையில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்றாகவும், தேயிலைக்குப் பெயர்பெற்ற ஊராகவும் அறியப்பட்டிருக்கிறது. அந்த மழையையும் ஏற்றத்தையும் கடந்து கொழுந்து, தேயிலை, அரிசி, மனிதர் ஆகிய அனைத்தையும் கொண்டுசென்ற இயந்திரங்களைப் பேணியவர்களின் தொழிலுக்கு மலையக வரலாற்று நூல்களில் கிடைத்த இடம் மிகச் சிறிது. பழைய டீசல் வாகனமொன்று அளவுக்கு மீறி எண்ணெய் குடிப்பதன் காரணத்தைக் கண்டறிவது அத்தொழிலின் நுட்பமான கிளைகளுள் ஒன்று. சமவெளியில் இயந்திரத்தை மட்டும் ஆராய்ந்தால் போதுமென்றிருக்கும் அந்த வேலை, இந்தச் சாலையில் மலையின் பங்கையும் இயந்திரத்தின் பங்கையும் தனித்தனியே பிரித்தறியும் வேலையாக மாறிவிடுகிறது.

எரிபொருளைக் கணக்குப் பார்க்கும் வழக்கம் இப்பகுதிக்கு மோட்டார் வண்டியோடு வந்ததன்று. நாவலப்பிட்டி வரை 1874இல் வந்துசேர்ந்த இரயில் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 600 மீற்றருக்கும் குறைவான உயரத்திலுள்ள நாவலப்பிட்டியிலிருந்து 1,250 மீற்றருக்கு மேற்பட்ட ஹட்டனுக்கு, 44 அடி நகர்ந்தால் 1 அடி உயரும் சரிவில் ஏறும் அப்பாதையில் வட்டவளை நிலையம் இடைவழியில் அமைந்தது. தோட்டத்து மக்கள் 'ஸ்டோர்' என்றழைக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் நீர்ச்சுழலிகளையும் நீராவி இயந்திரங்களையும் அடுத்து எண்ணெய் இயந்திரங்கள் வந்தன. அவற்றை விற்கவும் பழுதுபார்க்கவும் எழுந்த நிறுவனங்களுள், 1854இல் கண்டியில் தொடங்கிய வாக்கர் நிறுவனமும், 1875இல் ஹட்டனிலேயே தொடங்கிய பிரவுண் நிறுவனமும் முக்கியமானவை. நோட்டன் பிரிட்ஜை அண்டிய லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கி, மின்சாரம் படிப்படியாகத் தொழிற்சாலைகளை எட்டியபின் எண்ணெய் இயந்திரங்கள் மாற்று ஏற்பாடாகச் சுருங்கின. ஆயினும் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது, நொசில் கழற்றித் துடைப்பது, புகையின் நிறம் பார்ப்பது போன்ற வேலைகள் மோட்டார் கராஜ் என ஒன்று வருமுன்னரே தோட்டங்களில் பழக்கத்தில் இருந்தவை.

தண்டவாளத்தில் டீசல் சாலையை முந்திக்கொண்டது. இலங்கை இரயில்வே 1938இல் டீசல் தொடர்வண்டிகளை ஓடவிட்டது. பின்னர், அத்துறையின் முதல் இலங்கையரான பிரதம இயந்திரப் பொறியியலாளராகவும் 1955 முதல் பொது முகாமையாளராகவும் பணியாற்றிய பி. டி. றம்பாலாவின் காலத்தில் நீராவியிலிருந்து டீசலுக்கு மாறும் முயற்சி வேகம்பெற்றது. 1950களின் நடுப்பகுதியில் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா வழங்கிய எம்2 வகை எஞ்சின்கள், ஒன்டாரியோ, அல்பேர்ட்டா போன்ற கனேடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கிக்கொண்டு மலைநாட்டு ஏற்றங்களில் இழுத்தன. அவற்றில் இயந்திரத்தாலேயே சுழற்றப்படும் ஊதுகருவி காற்றை உருளைக்குள் தள்ளியது. பிற்காலத்தில் சாலைக்கு வந்த சாதாரண டீசல் கார்களுக்கு அத்தகைய உதவி இருக்கவில்லை. இந்த வேறுபாட்டின் விளைவு பின்னர் தெளிவாகும்.

ருடோல்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரம், தீப்பொறியின் உதவியின்றி, மிகையாக அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றுக்குள் எண்ணெயைத் தெளித்துப் பற்றவைப்பது. அதைக் காருக்குள் அடக்குவதற்கு, துளியளவு எண்ணெயை நொடிக்குப் பலமுறை உயரழுத்தத்தில் அளந்து அனுப்பும் பம்ப் தேவைப்பட்டது. பொஷ் நிறுவனம் 1927இல் அத்தகைய பம்பைத் தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கியதும், 1936இல் மெர்சிடிஸ் 260டி சந்தைக்கு வந்ததும் அந்த வரிசையில் நிகழ்ந்தவை. 1939இல் தோன்றி, இலங்கையில் மெர்சிடிஸ் வாகனங்களின் முகவராக விளங்கிய டிமோ நிறுவனம் தன் பெயரிலேயே டீசலைச் சேர்த்துக்கொண்டது. 1957இல் டீசல் இயந்திரத்தோடு வெளிவந்த லேண்ட்ரோவர், கற்கள் பெயர்ந்த தோட்டப் பாதைகளுக்கு ஏற்ற வண்டியாக அமைந்தது. 1958இல் தனியார் பஸ் கம்பனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபின், அதன் பணிமனைகள் டீசல் மெக்கானிக்குகளின் பயிற்சிக்களங்களாயின. ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் முதலில் அச்சபையின் வெரஹெர பணிமனையைச் சார்ந்தே இயங்கியது.

எனினும் டீசல் கார் சாதாரணக் குடும்பத்தின் உடைமையானது 1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின்னரே. ஜப்பானில் சில ஆண்டுகள் ஓடி, கப்பலில் வந்திறங்கிய 'ரீகண்டிஷன்' வாகனங்கள் அடுத்த இருபது ஆண்டுகளில் நாட்டை நிறைத்தன: 1,839 கன சென்ரிமீற்றர் 1சி இயந்திரமும் 1,974 கன சென்ரிமீற்றர் 2சி இயந்திரமும் பூட்டிய டொயோட்டா கொரொல்லா, சிடி17 இயந்திரம் கொண்ட நிசான் சனி, வேன்களில் டொயோட்டா ஹைஏஸும் மிட்சுபிஷி டெலிகாவும் அவற்றுள் பரவலானவை. பொதுப் போக்குவரத்தையும் சரக்கையும் கருத்திற்கொண்டு அரசு டீசலின் விலையைப் பெற்றோலைவிட வெகுவாகத் தாழ்த்தி வைத்திருந்ததே இத்தெரிவின் முதற் காரணம். இந்த மலிவுக்கு ஒரு மறுபக்கம் உண்டு: லீற்றருக்கு 9 கிலோமீற்றர் ஓடும் காரும் 12 கிலோமீற்றர் ஓடும் காரும் மாதச் செலவில் பெரிய வித்தியாசம் காட்டாதவரை, உரிமையாளர் கராஜை நாடியது இழுவை குறைந்ததற்காகவோ புகைக்காகவோதானே தவிர, எண்ணெய்ச் செலவுக்காக அன்று.

எண்ணெய்ச் செலவுக்காகவே வந்தவரிடம் முதலில் கேட்கப்படவேண்டியது அவர் எந்தத் திசையில் அளந்தார் என்பது. 1,200 கிலோகிராம் எடையுள்ள காரை 1,000 மீற்றர் உயர்த்துவதற்கு ஏறத்தாழ 12 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லீற்றர் டீசலில் 36 மெகாஜூல் அளவுக்கு ஆற்றல் இருந்தாலும், பழைய இயந்திரம் அதில் கால்பங்கைச் சற்றே மிஞ்சிய பகுதியைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும் என்பதால், ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏற்றமும் ஒரு லீற்றருக்குச் சற்று மேலான டீசலைத் தனியே விழுங்குகிறது. சமதரையில் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார், அவிசாவளையிலிருந்து ஹட்டன் வரையான ஏறத்தாழ 70 கிலோமீற்றருக்குச் சமதரைக் கணக்கில் 4.7 லீற்றரும், உயரத்துக்காக மேலும் ஏறக்குறைய 1.4 லீற்றரும் எடுக்கும். ஆகவே ஹட்டனில் அளந்தால் அது லீற்றருக்கு பதினொன்றரை கிலோமீற்றரே ஓடியதாகத் தெரியும். இதில் கோளாறு ஏதுமில்லை. இறங்கும்போது இந்த 1.4 லீற்றர் முழுமையாகத் திரும்புவதுமில்லை. செங்குத்தான இடங்களில் அது பிரேக்கில் வெப்பமாக வீணாகிறது. எனவே ஒரே எண்ணெய் நிலையத்தில் தாங்கியை விளிம்புவரை நிரப்பி, போய்த் திரும்பி, அதே நிலையத்தில் மீண்டும் விளிம்புவரை நிரப்பிப் பார்க்கும் கணக்கு மட்டுமே மலைநாட்டில் செல்லுபடியாகும். அந்தக் கணக்கையும் முன்பு அதே வழியில் எடுத்த கணக்கோடுதான் ஒப்பிடவேண்டும். கொழும்பு நண்பரின் காரோடு ஒப்பிடுவது வீண்.

இறக்கத்தில் கியரை விடுவித்து நியூட்டரில் உருளவிட்டால் டீசல் மிஞ்சும் என்ற நம்பிக்கை இச்சாலையின் ஓட்டுநர்களிடையே நெடுங்காலமாக நிலவுவது. இயந்திரவியல் பம்ப் பூட்டிய டீசல் காரில் உண்மை இதற்கு நேர்மாறானது: கியரில் இருக்கையில் முடுக்கியிலிருந்து காலை எடுத்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்னும் பகுதி எண்ணெயை அறவே நிறுத்திவிடுகிறது, நியூட்டரிலோ இயந்திரம் தன்னைத் தான் சுழற்றிக்கொள்ளத் தொடர்ந்து எண்ணெய் எடுக்கிறது. இழப்பு சிறிது, ஆனால் பிரேக் சூடேறிப் பிடிக்காமற்போகும் ஆபத்து பெரிது.

உயரம் இன்னொரு வகையிலும் தலையிடுகிறது. 1,250 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 11 சதவீதமும், நுவரெலியாவில் 16 அல்லது 17 சதவீதமும் குறைவு. ஊதுகருவி இல்லாத இயந்திரம் அந்த அளவுக்குக் குறைவான காற்றையே உள்ளிழுக்கிறது. பம்போ, தான் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை அறியாமல், முழு முடுக்கத்தில் பழைய அளவு எண்ணெயையே அனுப்புகிறது. எரிவதற்குப் போதிய காற்றைப் பெறாத எண்ணெய் கறுப்புப் புகையாக வெளியேறுகிறது. சில பம்புகளில் காற்றழுத்தத்துக்கேற்ப எண்ணெயைக் குறைக்கும் சாதனம் இருந்ததாயினும், மலிவான கார்களில் அது அரிது. கொழும்பில் சோதனை மேடையில் அளவமைத்துப் பூட்டிய பம்ப், வட்டவளையைத் தாண்டி ஏறும்போது புகைப்பதன் இரகசியம் இதுவே. உயரே நிரந்தரமாக ஓடும் வண்டிக்குப் பம்பின் உச்ச அளவுத் திருகைச் சற்றுக் குறைத்து வைப்பதே இதற்குப் பரிகாரம். இழுவை குறைந்ததெனக் கருதிய உரிமையாளரின் வற்புறுத்தலால் அதே திருகைக் கூட்டிவிடுவது இதற்கு எதிரான செயல். ஒரு கராஜின் தரத்தை இதைக்கொண்டே மதிப்பிட்டுவிடலாம்.

மலையின் பங்கைக் கழித்தபின் எஞ்சுவதுதான் இயந்திரத்தின் குறை. புகையின் நிறம் அதற்கு முதற் சாட்சி. கறுப்பு, காற்றின் குறைவையோ எண்ணெயின் மிகுதியையோ, அதாவது அடைபட்ட காற்று வடிகட்டியையோ ஒழுகும் நொசிலையோ காட்டும். சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை, தெளிப்பு நேரம் பிந்தியதையோ அழுத்தம் குன்றியதையோ காட்டும். நீலம், உராய்வெண்ணெய் எரிவதைக் காட்டும். அக்கால ஜப்பானிய கார்களின் நொசில்கள் சுமார் 150 பார் அழுத்தத்தில் திறந்து, மூடுபனிபோல் எண்ணெயைத் தூவவேண்டியவை. கையால் இயக்கும் சோதனைப் பம்பில் பொருத்தி அழுத்திப் பார்த்தால், தேய்ந்த நொசில் தூவாமல் சொட்டும். ஊர்க் கராஜில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனை வேறொன்று: இயந்திரம் ஓடும்போது உயரழுத்தக் குழாய்களின் இணைப்பை ஒவ்வொன்றாகத் தளர்த்தினால், சரியாக வேலைசெய்யும் உருளைக்கு இயந்திரத்தின் ஓசை தடுமாறும்; மாற்றமே தெரியாத உருளையில்தான் குறை இருக்கும்.

வட்டவளையின் ஈரம் தனக்கே உரிய தொல்லைகளைச் சேர்த்தது. பாதி வெறுமையாக நிற்கும் தாங்கியில் ஈரக்காற்றிலிருந்து படியும் நீர், வடிகட்டியின் அடியிலுள்ள நீர்ப்பிரிப்பானை உரிய காலத்தில் வடிக்காவிட்டால், டீசலையே உராய்வெண்ணெயாகக் கொண்டு இயங்கும் பம்பின் உட்பகுதிகளை அரித்துவிடும். நீண்ட ஏற்றத்தில் இயந்திரம் சூடேறுகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாற்றை, அதாவது குளிர்நீரின் சுற்றோட்டத்தை வெப்பம் வரும்வரை தடுக்கும் வால்வை, கழற்றி எறிந்துவிடும் கைவேலையும் நடந்தது. சூடேறுவதன் உண்மைக் காரணம் பெரும்பாலும் உப்புப்படிந்த ரேடியேற்றரே. வால்வை இழந்த இயந்திரம் குளிர்ந்த மலையில் தன் வேலை வெப்பத்தை எட்டாமலே ஓடி, ஒவ்வொரு நாளும் கூடுதலாக எரித்தது. இறக்கத்தில் இடைவிடாது பயன்பட்டு, விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கும், ஏற்றத்தில் வழுக்கும் கிளட்சும் பம்பின்மேல் பழி சுமத்திய குற்றவாளிகள்.

கலப்படம் தனி வரலாறு. ஏழைகளின் விளக்குக்கும் அடுப்புக்கும் என டீசலைவிட மலிவாக வைக்கப்பட்ட மண்ணெண்ணெயை டீசலில் கலப்பது இலாபகரமாக இருந்தது. மண்ணெண்ணெய் ஒரு லீற்றரில் டீசலைவிடக் குறைந்த ஆற்றலையே கொண்டது. வழவழப்பும் குறைவாதலால் பம்பையும் தேய்க்கும். ஆகவே கலந்த நாளில் கிடைத்த சேமிப்பை, அடுத்தடுத்த மாதங்களில் பம்ப் கடை திரும்பப் பெற்றுக்கொண்டது. 2008இல் தொடங்கிய வாகனப் புகைப்பரிசோதனை, நின்ற நிலையில் முழு முடுக்கம் கொடுத்துப் புகையின் அடர்த்தியை அளந்து, வருடாந்த அனுமதிப்பத்திரத்தோடு அதை இணைத்ததால், எண்ணெய்ச் செலவைப் பற்றிக் கவலைப்படாதவரும் நொசிலைக் கழற்ற நேர்ந்தது. எனினும் பரிசோதனைக்கு முதல்நாள் திருகைக் குறைத்து, மறுநாள் கூட்டிவிடும் தந்திரத்தையும் அதுவே பெற்றெடுத்தது.

உண்மையான கணக்கெடுப்பு 2022இல் வந்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல், அடுத்த ஆண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாயை எட்டியது. வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபின் வந்த கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறை, தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர் என வரையறுத்தது. இப்போது 9 கிலோமீற்றர் ஓடும் கார் வாரத்தில் 180 கிலோமீற்றரும், 12 ஓடும் கார் 240 கிலோமீற்றரும் செல்லும் என்பது பணத்தையும் கடந்த வித்தியாசமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது கலப்படத்தின் இலாபமும் சுருங்கியது. 2020இல் விதிக்கப்பட்ட தனியார் வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரி வரை நீடித்ததால், கைவிடப்பட வேண்டிய வயதிலிருந்த 1சி, 2சி இயந்திரங்களுக்கு மாற்று வரவில்லை. காற்றழுத்தத்தைத் தானே உணர்ந்து எண்ணெயைக் கணினியால் அளக்கும் காமன் ரெயில் வாகனங்கள் பரவியபோது குறைந்துவந்த பம்ப் சோதனை மேடைகளின் வேலை, அந்த ஆண்டுகளில் பழைய கார்களை நம்பியே தொடர்ந்தது.