அங்கீகாரம் கூடத்துக்கா, சோதனைக்கா?
இந்தியத் தகுதி அங்கீகார முறை குறித்து

துணியைச் சோதித்து முடிவு தருவது சோதனைக்கூடம். ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறையைத் தணிக்கை செய்து சான்றிதழ் தருவது சான்றளிப்பு அமைப்பு. இவ்விரண்டுக்கும் அந்த வேலையைச் செய்யத் தகுதி உண்டா என்று ஆராய்வது அங்கீகார அமைப்பு. இந்தியாவில் சோதனைக்கூடங்களை என்.ஏ.பி.எல். வாரியமும் சான்றளிப்பு அமைப்புகளை என்.ஏ.பி.சி.பி. வாரியமும் மதிப்பிடுகின்றன. அரசும் தொழில் கூட்டமைப்புகளும் சேர்ந்து 1997இல் நிறுவிய இந்தியத் தரக் குழுமத்தின் உறுப்புகள் இவை. என்.ஏ.பி.எல். இக்குழுமத்தில் சேருமுன் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இருந்தது.

அங்கீகாரம் கூடத்துக்குத் தரப்படுவதாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் அது குறிப்பிட்ட சோதனைகளுக்குத் தரப்படுகிறது. எந்தப் பொருளில், எதை, எந்த முறையில், எந்த வீச்சுக்குள் அளக்கலாம் என்பது அங்கீகார வரம்பில் வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். திருப்பூர்ப் பின்னலாடையில் சாய உறுதியைச் சோதிக்க அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு, அதே ஆடையில் அசோ சாயங்கள் சிதைந்து உண்டாகும் நச்சு அமீன்களை அளக்கும் அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். ஐரோப்பிய விதி அந்த அமீன்களுக்கு வைத்துள்ள எல்லை கிலோவுக்கு 30 மில்லிகிராம். முடிவு 29 என்று வந்தால் மட்டும் போதாது. அளவீட்டில் எவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கக்கூடும் என்பதும் தெரிய வேண்டும். ஆகவேதான், இணக்கம் உண்டு அல்லது இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் கூடம் அந்த ஏற்ற இறக்கத்தை எப்படிக் கணக்கில் எடுத்தது என்பதற்கும் ஒரு விதி வைத்திருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரநிலையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பு.

விண்ணப்பமும் ஆவணங்களும் பரிசீலிக்கப்பட்ட பின் மதிப்பீட்டாளர்கள் கூடத்துக்கு நேரில் செல்கின்றனர். பணியாளர் அவர்கள் கண்முன் சோதனை செய்து காட்ட வேண்டும். கருவிகளின் அளவுத்திருத்தம், இடையில் அறுபடாத ஒப்பீட்டுச் சங்கிலி வழியாக, புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் போன்ற நிறுவனம் பேணும் மூல அளவுவரை செல்ல வேண்டும். கண்ட குறைகள் திருத்தப்பட்ட பின், மதிப்பிட்டவர்கள் அல்லாத வேறொரு குழு முடிவெடுக்கிறது.

இம்முறையில் ஒரு நெருக்கடி உண்டு: மதிப்பீட்டுக்கான கட்டணத்தைச் செலுத்துவது மதிப்பிடப்படும் கூடமே. அதற்கு வலுவான மாற்று மருந்து, கூடங்களுக்கிடையேயான திறனறி சோதனை. ஒரே பொருளின் மாதிரி பல கூடங்களுக்கு அனுப்பப்படும். அதன் மதிப்பு பங்கேற்கும் எவருக்கும் தெரியாது. முடிவின் விலகல் இசட் மதிப்பெண்ணில் 2க்குள் இருந்தால் திருப்தி. 3ஐ எட்டினால் தோல்வி. ஆவணங்களை அழகாக அடுக்கி வைக்கலாம். இந்த எண்ணை அப்படி அடுக்க முடியாது. நேர்முக மதிப்பீட்டைவிட இதற்குக் கூடுதல் எடை தருவதே நியாயம்.

அங்கீகார அமைப்பும் சோதனைக்கு உட்பட்டதே. ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17011 தரநிலைப்படி அது தானே சோதனையோ சான்றளிப்போ செய்யக் கூடாது. பிற நாட்டு அங்கீகார அமைப்புகளின் வல்லுநர்கள் குறித்த கால இடைவெளியில் வந்து அதை ஆராய்கின்றனர். அதில் தேறியவர்களுக்கே பன்னாட்டுப் பரஸ்பர ஏற்பு ஒப்பந்தத்தில் இடம் உண்டு. என்.ஏ.பி.எல். 2000 முதல் அதில் இருக்கிறது. திருப்பூரில் எடுத்த முடிவை ஹாம்பர்க்கில் மறுபடி சோதிக்காமல் ஏற்க வழி செய்வது அந்த ஒப்பந்தம். ஆனால் வரம்பில் எழுதப்பட்ட சோதனைக்கே அது பொருந்தும்.

சட்டமும் இந்த முறையைச் சார்ந்து நிற்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களை உணவு மாதிரிகளின் பகுப்பாய்வுக்கு அறிவிக்க இடமளிக்கிறது. இத்தகைய அறிவிப்புகள் கூடத்தின் பெயரோடு நின்றுவிடாமல், அது செய்யத் தகுதி பெற்ற சோதனைகளையும் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும்.