ஜூக்ஸ் குடும்பமும் எட்வர்ட்ஸ் குடும்பமும்: ஒரு பிரசங்கக் கதையின் வரலாறு

இல்லறத்தைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் நம் திருச்சபைகளில் அருளுரை நிகழ்த்தப்படும்போது ஒரு கதை அடிக்கடி நம் செவியில் விழுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இருவர் வாழ்ந்தனராம். ஒருவர் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் என்னும் பக்தியுள்ள குருவானவர். மற்றவர் மாக்ஸ் ஜூக்ஸ் என்னும் நாத்திகர், குடியர். முன்னவருடைய சந்ததியில் கல்லூரித் தலைவர்களும் பேராசிரியர்களும் நீதிபதிகளும் தோன்றினர். பின்னவருடைய சந்ததியில் திருடரும் விலைமாதரும் பிச்சையெடுப்போரும் தோன்றினர். இதனின்று நீதிமானுடைய வீடு ஆசீர்வதிக்கப்படும், துன்மார்க்கனுடைய வீடு சபிக்கப்படும் என்னும் முடிவு சபையார்முன் வைக்கப்படுகிறது. எண்கள் நிறைந்த கதையாதலின் கேட்போர் உள்ளத்தில் எளிதில் பதிந்துவிடுகிறது. ஆனால், குடிகாரத் தகப்பனுக்குப் பிறந்த ஒரு வாலிபனும், சிறை சென்றவனுடைய மகளும் அதே ஆலயத்தில் அமர்ந்து அதே கதையைக் கேட்கிறார்கள் என்பதை நாம் மறத்தலாகாது. ஆகவே இக்கதை எங்கிருந்து வந்தது, வரும் வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றை வரலாற்றின் ஒளியில் ஆராய்வது நம் கடமையாகும்.

ரிச்சர்டு டக்டேல் என்பவர் நியூயார்க் சிறைச்சாலைச் சங்கத்தின் உறுப்பினர். அச்சங்கத்தின் சார்பில் அவர் 1874ஆம் ஆண்டு அம்மாநிலத்தின் மாவட்டச் சிறைகளைப் பார்வையிட்டார். அவற்றுள் ஒன்றில் நான்கு வெவ்வேறு குடும்பப் பெயர்களுடன் அடைபட்டிருந்த அறுவர் ஒருவருக்கொருவர் இரத்த உறவினர் என்பதைக் கண்டு வியப்புற்றார். அவர்களுடைய உறவினரைத் தேடித் தேடி, ஏழைகள் விடுதியின் பதிவேடுகளையும் நீதிமன்றக் குறிப்புகளையும் ஊர் முதியோரின் நினைவுகளையும் கொண்டு 709 பேரின் விவரங்களைத் திரட்டினார். 1877இல் அவை நூலாக வெளிவந்தன. ஜூக்ஸ் என்பது உண்மையான குடும்பப் பெயரன்று. உண்மையான பெயர்களை மறைப்பதற்காக டக்டேல் புனைந்துகொண்டது. எனவே மாக்ஸ் ஜூக்ஸ் என்ற பெயருடைய மனிதர் ஒருவர் இவ்வுலகில் வாழவேயில்லை.

மாக்ஸ் என்று டக்டேல் குறிப்பிடுபவர் 1720க்கும் 1740க்கும் இடையில் பிறந்தவர். வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்தவர், மிகுதியாகக் குடிப்பவர், கலகலப்பானவர், நிலையான உழைப்பில் மனம் செல்லாதவர், முதுமையில் பார்வையை இழந்தவர். அவருடைய புதல்வர் இருவர், ஜூக் என்று பெயரிடப்பட்ட சகோதரிகளுள் இருவரை மணந்தனர். அச்சகோதரிகளின் வழித்தோன்றல்களே ஜூக்ஸ் எனப்பட்டனர். மாக்ஸ் நாத்திகராயிருந்தார் என்ற செய்தி டக்டேலின் நூலில் இல்லை. அது பிற்காலத்துப் பிரசங்கிமார் சேர்த்த அணிகலன்.

டக்டேல் கண்ட முடிவுதான் யாது? பரம்பரையைப் பற்றி அவர் பேசினார் என்பது மெய்யே. ஆயினும் சூழ்நிலையே பழக்கங்களைப் பிறப்பிக்கிறது என்பதையும், சூழ்நிலையை மாற்றினால் மனிதனும் மாறக்கூடும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். இக்குடும்பத்தினால் 75 ஆண்டுகளில் அரசுக்கு நேர்ந்த செலவு 13 இலட்சம் டாலருக்கு மேல் எனக் கணக்கிட்டது, மக்களைப் பயமுறுத்துவதற்காக அன்று. பொதுச் சுகாதாரத்திற்கும் குழந்தைக் கல்விக்கும் முன்னரே செலவிட்டிருந்தால் இத்தீங்கு நேர்ந்திராது என்று காட்டுவதற்காகவே. டக்டேல் 1883இல் மறைந்தார். அவருடைய நூலை மேற்கோள் காட்டியவர் பலர். முழுவதும் வாசித்தவர் சிலரே என்று தோன்றுகிறது.

கதையின் மறுபாதியைச் சேர்த்தவர் வின்ஷிப் என்னும் கல்வி இதழாசிரியர். 1900ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட சிறு நூலில்தான் எட்வர்ட்ஸ் குடும்பம் ஜூக்ஸ் குடும்பத்திற்கு எதிரே நிறுத்தப்பட்டது. எட்வர்ட்ஸின் வழித்தோன்றல்கள் ஏறக்குறைய 1,400 பேரை ஆராய்ந்த வின்ஷிப், அவர்களுள் 13 கல்லூரித் தலைவர்களையும் 65 பேராசிரியர்களையும் 30 நீதிபதிகளையும் கண்டார். இன்று நம் மேடைகளில் சொல்லப்படும் எண்கள் பெரும்பாலும் இந்நூலிலிருந்து வந்தவையே. ஈண்டு ஓர் எளிய கணக்கை நினைவுகூர்தல் நலம். ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். இவ்வாறு ஏறிச் சென்றால் ஐந்தாம் தலைமுறைக்கு மேலே அவருக்கு மூதாதையர் 32 பேர். அவர்களுள் எட்வர்ட்ஸும் அவர் மனைவியும் இருவர் மட்டுமே. மற்ற முப்பதின்மரின் நன்மையும் தீமையும் எங்கே போயின?

எட்வர்ட்ஸின் குடும்ப வரலாற்றையே சற்று உற்று நோக்குவோம். அவர் 1703இல் கனெக்டிகட்டில் பிறந்தவர். 1727இல் சாரா பியர்ப்பாண்டை மணந்து பதினொரு மக்களைப் பெற்றவர். நார்த்தாம்ப்டன் சபையில் எழுப்புதலுக்குக் கருவியாயிருந்தவர். அதே சபையால் 1750இல் நீக்கப்பட்டவர். அவருடைய தந்தை தீமோத்தேயுவும் ஒரு குருவே. ஆனால் தீமோத்தேயுவின் தாயாகிய எலிசபெத் டட்டிலின் கதை வேறு. அவருடைய முதற்குழந்தை கணவருடையதன்று என்று வழக்கெழுந்தது. நெடுங்காலத் துயரத்திற்குப்பின் 1691இல் கணவருக்கு மணவிலக்கு அளிக்கப்பட்டது. எலிசபெத்தின் சகோதரர் ஒருவர் தம் உடன்பிறந்தாளையே கோடரியால் கொன்றார். மற்றொரு சகோதரி தன் மகனைக் கொன்றாள். டக்டேல் அந்நாளில் கனெக்டிகட்டுச் சிறைக்குச் சென்றிருந்தால், ஜூக்ஸ் குடும்பத்தினும் கொடியதொரு குடும்பத்தைக் கண்டதாக எழுதியிருப்பார். அக்குடும்பத்தின் கொடிவழியில் வந்த பேரனே ஜோனத்தான் எட்வர்ட்ஸ்.

கீழ்நோக்கிப் பார்த்தாலும் கணக்கு நேராகவில்லை. எட்வர்ட்ஸின் மகள் எஸ்தரின் மைந்தர் ஆரன் பர் அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராயிருந்தார். அப்பதவியிலிருந்தபோதே 1804இல் அலெக்சாண்டர் ஹாமில்டனைத் துப்பாக்கிப் போட்டியில் கொன்றார். 1807இல் தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டு விடுதலையானார். அவருடைய பெயர் துணைக் குடியரசுத் தலைவர் என்ற பட்டியலில் மட்டும் ஏறி, மற்றப் பட்டியலில் ஏறாமற்போனது வியப்பே. எனினும் ஆரன் பர்ரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. 1757 செப்டம்பரில் அவர் தந்தை இறந்தார். 1758 மார்ச்சில் அம்மை குத்திக்கொண்டதன் விளைவாகப் பாட்டன் எட்வர்ட்ஸ் இறந்தார். ஏப்ரலில் தாய் எஸ்தர் இறந்தார். அக்டோபரில் பாட்டி சாராவும் இறந்தார். இரண்டே வயதுக் குழந்தைக்கு ஓராண்டு முடிந்து சில நாட்களுக்குள் வீடு என்பதே இல்லாமற்போயிற்று. இதனை முன்னோர் பாவத்தின் தண்டனை என்று எவரும் சொல்லார். ஜூக்ஸ் குடும்பத்தில் இத்தகைய சாவுகள் நேர்ந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்?

கதை மேடையில் மட்டும் நின்றிருந்தால் பெருந்தீங்கு விளைந்திராது. 1911இல் டக்டேலின் கையெழுத்துப் படி, உண்மைப் பெயர்களுடன், கண்டெடுக்கப்பட்டது. நல்வம்சவியல் என்று தன்னை அழைத்துக்கொண்ட இயக்கத்தைச் சேர்ந்த ஆர்தர் எஸ்டாபுரூக் அதனைக் கொண்டு அக்குடும்பத்தை மீண்டும் ஆராய்ந்து 1916இல் நூல் வெளியிட்டார். அக்குடும்பத்தினருள் பலர் நன்னிலை அடைந்திருந்தமையை அவர் திரட்டிய விவரங்களே காட்டின. ஆயினும் கெட்ட இரத்தம் கெட்டதே என்ற முடிவுக்கே அவர் வந்தார். சூழ்நிலையை மாற்றுங்கள் என்று டக்டேல் எழுதிய இடத்தில், பிள்ளை பெறாதபடி தடுங்கள் என்ற குரல் எழுந்தது. 1926இல் அமெரிக்க நல்வம்சவியல் சங்கம் இப்பொருளில் சிறந்த பிரசங்கம் செய்யும் குருமாருக்குப் பரிசு அறிவித்தது, குருமாரும் போட்டியிட்டனர்.

வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்னும் ஏழைப் பெண்ணைக் கட்டாயமாகக் கருத்தடை அறுவைக்கு உட்படுத்தலாமா என்ற வழக்கில், 1924இல் அதே எஸ்டாபுரூக் நிபுணராகச் சாட்சியம் அளித்தார். தாய், மகள், பேத்தி மூவரும் அறிவுக் குறைவுடையோர் என்பது வாதம். பேத்தியோ அப்பொழுது கைக்குழந்தை. 1927 மே 2ஆம் நாள் அமெரிக்க உச்சநீதிமன்றம் அறுவைக்கு இசைவளித்தது. அக்டோபரில் அது நிறைவேறியது. அக்குழந்தை விவியன் பள்ளியில் சேர்ந்து, 1931இல் நன்மாணவியர் பட்டியலில் இடம் பெற்று, 1932இல் நோயால் இறந்தாள். வளர்ப்புக் குடும்பத்தைச் சார்ந்த ஒருவனுடைய வன்கொடுமையாலேயே கேரி கருவுற்றாள் என்பதும் பின்னர் வெளிப்பட்டது. அமெரிக்காவில் இவ்வகைச் சட்டங்களால் அறுவைக்கு உட்பட்டோர் 60,000க்கும் மேற்பட்டோர். 2002இல் வர்ஜீனியா ஆளுநர் மன்னிப்புக் கோரினார்.

பிறப்பிலேயே குற்றம் உண்டு என்னும் கருத்து நம் நாட்டில் வேறு வழியாக வந்தது. அதற்கு உயிரியல் வேண்டியிருக்கவில்லை, சாதியே போதுமாயிருந்தது. 1871இல் இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1920 ஏப்ரல் 3இல் மதுரைக்கு மேற்கே பெருங்காமநல்லூரில் இச்சட்டத்தை எதிர்த்தோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடெங்கும் 1952இலும் அச்சட்டம் நீக்கப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியேற்றங்களை இரட்சணிய சேனை முதலிய கிறிஸ்தவ அமைப்புகளும் நடத்தின. அன்பினாலேயே நடத்தினர் என்பதை ஐயுறுகிறோமில்லை. ஆயினும் பிறந்த குழந்தையின் பெயரைக் குற்றவாளிகளோடு சேர்த்து எண்ணும் முறையை அவர்கள் அடிப்படையில் மறுத்தார்களா என்ற வினா எஞ்சி நிற்கிறது.

இனித் திருமறைக்குத் திரும்புவோம். பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கப்படும் என்னும் கற்பனையே (யாத். 20:5, 6) இக்கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. பண்டைய இஸ்ரவேலில் தகப்பன் வீடு என்பது கணவன் மனைவி பிள்ளைகள் மட்டும் கொண்டதன்று. பாட்டனும் மைந்தரும் பேரரும் அவர்தம் மக்களும் ஒரே குடியாக வாழ்ந்தனர். எனவே மூன்று நான்கு தலைமுறை என்பது ஒரே காலத்தில் ஒரே கூரையின்கீழ் வாழ்வோரின் எல்லையாகும். குடும்பத்தலைவன் விக்கிரகத்தை வணங்கினால் அதன் பயனை அவ்வீட்டார் அனைவரும் அனுபவிப்பர் என்பது கண்கூடு. நம் ஊர்களிலும் தகப்பன் சாராயக்கடையில் கூலியைத் தொலைத்தால் பிள்ளை பசியோடு உறங்குகிறது. அதனை விளக்க இரத்தத்தைப் பற்றிய கொள்கை வேண்டுவதில்லை. தீமைக்கு மூன்று நான்கு தலைமுறை என்று எல்லை வகுத்த அதே வசனம் இரக்கத்தை ஆயிரங்களுக்கு விரிப்பதைப் பலர் வாசித்தும் வாசியாதவர் போல் கடந்துவிடுகின்றனர்.

கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றவர்கள் இவ்வசனத்தையே ஒரு முறையீடாக மாற்றிக்கொண்டனர். பிதாக்கள் திராட்சக்காய் தின்றதால் பிள்ளைகளின் பற்கள் கூசுகின்றன என்ற பழமொழி அவர்களிடையே வழங்கிற்று. எசேக்கியேல் தம் பதினெட்டாம் அதிகாரத்தில் அதனைத் தடை செய்கிறார். நீதிமானாகிய ஒருவன், கொடியவனாகிய அவன் மகன், தகப்பனைக் கண்டு அஞ்சி நீதியைத் தெரிந்துகொள்ளும் பேரன் என மூவரை நிறுத்தி, ஒவ்வொருவனும் தன்தன் வழிக்கே கணக்குக் கொடுப்பான் என்கிறார். யூதாவின் அரச குடும்பம் அவர் கண்முன் இருந்திருக்கலாம். கொடிய ஆகாசுக்கு எசேக்கியா பிறந்தான். எசேக்கியாவுக்கு மனாசே பிறந்தான். மனாசேயின் மகன் ஆமோன். ஆமோனின் மகன் யோசியா. இவ்வரிசையை வின்ஷிப்பின் பட்டியலில் அடக்க இயலாது.

எனினும் எசேக்கியேலின் சொல்லோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நாம் கருதவில்லை. யோசியா இத்துணைச் சீர்திருத்தம் செய்தும் மனாசேயின் பாவத்தினிமித்தம் மூண்ட கோபம் தணியவில்லை என்று இராஜாக்களின் நூல் உரைக்கிறது (2 இராஜா. 23:26). நாளாகமமோ அதே மனாசே சிறையிருப்பில் மனந்திரும்பினான் என்று சொல்கிறது (2 நாளா. 33:12, 13). இவ்விரண்டையும் இழைத்து ஒன்றாக்கிவிட முயல்வதைவிட, ஒரு தலைமுறை செய்த தீங்கின் விளைவு பின்வருவோர்மேல் விழுகிறது என்ற உண்மையையும், அது அவர்களுடைய குற்றமாக எண்ணப்படுவதில்லை என்ற உண்மையையும் அருகருகே வைத்துக்கொள்வதே மேல். பிறவிக் குருடனைக் கண்ட சீஷர்கள் இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ என்று வினவியபோது, ஆண்டவர் இரண்டையும் மறுத்தார் (யோவா. 9:1-3). மாக்ஸ் முதுமையில் குருடானதையும், அக்குறை அவர் மக்கள் சிலரிடம் தொடர்ந்ததையும் டக்டேல் குறித்திருக்கிறார். அதனை வாசிக்கும்போது இப்பகுதி நினைவுக்கு வராமற்போகாது.

எட்வர்ட்ஸின் இல்லத்தைப் பற்றிப் பிரசங்கிக்கலாகாதோ எனின், தாராளமாகப் பிரசங்கிக்கலாம், முழுவதையும் சொல்லவேண்டும். 1731இல் அவர் நியூபோர்ட் நகருக்குச் சென்று வீனஸ் என்னும் ஆப்பிரிக்கச் சிறுமியை 80 பவுன் விலைக்கு வாங்கினார். அவர் இறந்தபின் எடுக்கப்பட்ட சொத்துப் பட்டியலில் டைட்டஸ் என்னும் சிறுவன் இடம் பெற்றான். அவர் குடும்ப வழிபாடு நடத்திய வீட்டில் அடிமைகளும் இருந்தனர். பதினொரு மக்களும் அதனைக் கண்டே வளர்ந்தனர். அவர்களுள் தந்தையின் பெயரையே தாங்கிய இளைய ஜோனத்தான், பெற்றோர் இருவரையும் இழந்தபோது பன்னிரண்டு பதின்மூன்று வயதினர். பின்னர் குருவாகி நியூ ஹேவனில் பணியாற்றினார். தந்தையின் நூல்களைப் பதிப்பிப்பதில் ஈடுபட்டார். தந்தையின் இறையியலைப் போற்றி வளர்த்தார். 1791இல் அவர் நிகழ்த்திய அருளுரை அச்சேறியது. அடிமை வாணிபம் அநீதியானது என்பதும், ஒருவரை அடிமையாக வைத்திருப்பதும் பாவமே என்பதும் அதன் பொருள்.