ஓவல் மைதானமும் நம் முன்னோரும்

பொறளைக்கு அப்பால் வனாத்தமுல்லையிலுள்ள மைதானம் எதுவென்று எம் இளைஞரைக் கேட்டால் "பி. சரா" என்று உடனே சொல்லிவிடுவர். அந்தச் சரா யாரென்று கேட்டாற் பலர் விழிக்கின்றனர். மூத்தோர் அறிந்த அக்கதையை இளையோர்க்காக ஈண்டுச் சொல்லப் புகுகின்றோம்.

ஆங்கிலேயர் காலத்திலே கொழும்பில் கிறிக்கற் கழகங்கள் இனத்துக்கொன்றாகவே எழுந்தன. 1899ஆம் ஆண்டிலே சிங்களவர் தமக்கொரு கழகம் அமைத்தனர்; அதே ஆண்டிலே கொழும்புவாழ் தமிழரும் 'தமிழ் யூனியன்' என்னும் கழகத்தை நிறுவினர். கழகம் எழுந்தும், ஓவல் மைதானம் அதற்கு வாய்க்க 1940ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் பொருட்டு முன்னின்று உழைத்தவரே பாக்கியசோதி சரவணமுத்து. சிவில் சேவை உத்தியோகத்தர். கொழும்பு மாநகர முதல்வராயிருந்த டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்துவின் சகோதரர். 1948இல் இலங்கைக் கிறிக்கற் கட்டுப்பாட்டுச் சபை உருவானபோது அதன் முதற் தலைவரும் இவரே.

அவ்வாண்டு மார்ச் 27ஆந் திகதியை அம்மைதானம் மறவாது. நாடு சுதந்திரம் பெற்று இரண்டு மாதங்கூட நிரம்பவில்லை. இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த டொன் பிறட்மனின் அவுஸ்திரேலியக் குழு, வழியில் இறங்கி ஓவலிலே ஒருநாள் ஆடிற்று. இலங்கைக் குழுவின் தலைவர் நம் மகாதேவன் சதாசிவம். பிறட்மன் 20 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். பந்து வீசியோர்க்கு ஏதோ ஐயந் தோன்ற அளந்து பார்த்தபோது, 22 யார் இருக்க வேண்டிய ஆடுதளம் 20 யாரே இருந்ததாம்! உலகப் புகழ்பெற்ற வீரரை அழைத்தவர்கள் அளவுநாடாவை மறந்தமை வேடிக்கைதான்.

சதாசிவம் வெஸ்லிக் கல்லூரி தந்த செல்வம். தமிழ் யூனியன் வீரர். அதற்கு முந்திய ஆண்டில், சென்னைச் சேப்பாக்கத்திலே தென்னிந்தியக் குழுவுக்கெதிராக 215 ஓட்டங்கள் குவித்தவர். அவர் மட்டை பிடித்த அழகைக் கண்ட பெரியோர் இன்றும் சிலர் எம்மிடையே உளர். இளைஞர் அவர்களை நாடிக் கேட்பாராக.

1982 பெப்ரவரியிலே இலங்கையின் முதலாவது ரெஸ்ற் ஆட்டம் இங்கிலாந்துடன் நடந்ததும் இவ்வோவலிலேதான். ஆனந்தாக் கல்லூரி மாணவராயிருந்த 18 வயது அர்ச்சுன இரணதுங்க நாட்டின் முதல் அரைச்சதத்தை இங்கே பெற்றார். ஓராண்டும் சில மாதங்களும் கழிந்தன. 1983 ஆடியிலே அதே பொறளையில் மூண்ட தீ எம்மவர் வீடுகளையும் கடைகளையும் விழுங்கிற்று. சதாசிவத்துக்குக் கைதட்டிய கைகள் மூட்டை முடிச்சுகளைத் தாங்கிக் காங்கேசன்துறைக்குக் கப்பலேறின. இரண்டாண்டு சென்று, 1985 செப்ரெம்பரில், இலங்கை தன் முதல் ரெஸ்ற் வெற்றியைப் பெற்றது. இந்தியாவை 149 ஓட்டங்களால் வென்ற அவ்வாட்டம் நடந்த இடம் தமிழர் கழகத்தின் மைதானம்! அன்று நாடெங்கும் எழுந்த ஆரவாரத்தில் எம்மவர் எவ்வாறு கலந்துகொண்டனர் என்பதை அவரவர் நெஞ்சே அறியும்.

பின்னாளிலே 800 விக்கெற்றுகள் வீழ்த்திய முத்தையா முரளிதரன் ஆடிய கழகமும் தமிழ் யூனியனே. இன்று அக்கழகத்திற் சிங்கள, முஸ்லிம் வீரரும் ஆடுகின்றனர். கழகத்தின் பெயரை யாரும் மாற்றவில்லை. மைதானமோ சரவணமுத்துவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.