கடல்கடந்த தமிழ் வணிகரும் நுழைவுப் பொன்னும்

தமிழர் கடல் கடந்து சென்ற வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் வேந்தர்தம் படைகளையும் ஆங்கு எழுந்த கோயில்களையும் பற்றியே எழுதுகின்றனர். அயல்மண்ணில் கால் வைக்க எவர் இசைவு வேண்டியிருந்தது, எப்பொருளைக் கட்டணமாகச் செலுத்தினர், கைப்பணத்தை எங்ஙனம் காத்தனர் என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றுதலின் விடப்பட்டன போலும். ஆயினும் வெளிநாடுகளிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டுக்களை ஊன்றி நோக்கின், அவை பேசுவன இவற்றையே என்பது நம் கருத்து.

தாய்லாந்தின் மேலைக் கரையில் தகுவாபா என்னும் இடத்திற் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒரு குளத்தைப் பற்றியது. குளத்தின் பெயர் அவனிநாரணம். இது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் விருதுப்பெயர் என்பர். அக்குளம் மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலமாக விடப்பட்டது. உப்புநீர் சூழ்ந்த கரையில் பல திங்கள் தங்குவார்க்கு முதல் தேவை குடிநீர் அன்றோ?

சுமத்திராவின் மேலைக் கரையில் உள்ள பரோசு கருப்பூரத்திற்குப் பெயர் பெற்ற பட்டினம். ஆங்கு லோபு துவா என்னும் இடத்தில் 1873-இல் கண்டெடுக்கப்பட்ட கல்தூண், சக ஆண்டு 1010 மாசித் திங்களில், அஃதாவது கி. பி. 1088-ஐ ஒட்டி, நாட்டப்பெற்றது. நீலகண்ட சாத்திரியார் இதனை ஆராய்ந்தார். பின்னர்ப் பேராசிரியர் சுப்பராயலு திருத்தமாகப் படித்து வெளியிட்டார். திசை ஆயிரத்து ஐஞ்ஞூற்றுவர் என்னும் வணிகர் குழுவினர் கூடிச் செய்த முடிவு இதிற் காணப்படுகின்றது. மரக்கல நாயனும் கேவிகளும் கத்தூரியின் விலையோடு ஒப்பிட்டு அளவிட்ட 'அஞ்சு துண்டாயம்' என்னும் கட்டணத்தைப் பொன்னாகச் செலுத்திய பின்னரே 'பாவாடை' ஏறுதல் வேண்டும் என்பது அம்முடிவு. பாவாடை என்பது பெரியோர் நடந்துவரத் தரையில் விரிக்கும் துணி. எனவே இதனை வரவேற்புடன் கூடிய நுழைவு உரிமை எனக் கொள்ளலாம். இக்காலத்தார் 'விசா' என்பதனோடு இதனை முற்றிலும் ஒன்றாக்குதல் பிழையாயினும், உறவு தெளிவாகவே உள்ளது.

இத்தூணைச் சோழர் ஆதிக்கத்திற்குச் சான்றாகக் காட்டுவார் உளர். 1025-இல் இராசேந்திரன் கடாரத்தின்மேற் படை செலுத்தியதை நினைந்து அங்ஙனம் கூறுகின்றனர். அதனை நாம் ஏற்றல் அரிது. கல்வெட்டின் காலம் சக ஆண்டாற் குறிக்கப்பட்டுள்ளது. சோழ மன்னனின் ஆட்சியாண்டு கூறப்படவில்லை. ஆணையிடுவோரும் வணிகரே. இன்னொன்றும் கருதத்தக்கது. மரக்கல நாயன் எனத் தமிழ்ச் சொல்லாற் சுட்டப்பெற்றோர்க்குத் தமிழிலேயே இவ்விதி எழுதப்பட்டது. ஆகவே, வாயிலில் நின்று பொன் கேட்டோரும் அதனைக் கொடுத்தோரும் ஒருமொழியினர் எனக் கொள்ளுதலே பொருத்தம். அயல்நாட்டில் தம்மவரிடமே கட்டணம் வாங்கும் வழக்கம் அன்றே இருந்தது! கட்டணத்தைக் காசின் எண்ணிக்கையாற் கூறாது கத்தூரி விலையோடு பிணைத்தமையும் நுட்பமானது. பல நாட்டுக் காசுகள் புழங்கும் துறையில், யாவரும் விலை அறிந்த பண்டமே நிலையான அளவுகோலாகும்.

சீனத்தில் நிலைமை வேறு. சுவான்சௌ என்னும் துறைநகரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1203, அஃதாவது 1281-ஐச் சேர்ந்தது. சம்பந்தப் பெருமாள் என்பார் செகசைகானின் உடல்நலத்தின் பொருட்டுச் சிவபெருமானை எழுந்தருளுவித்த செய்தியைக் கூறுவது. செகசைகான் என்பான் குப்ளாய்கானே என்பர். சொங் அரசு 1279-இல் வீழ்ந்து இரண்டாண்டே கழிந்த காலம் அது. அரசனின் 'பர்மான்' பெற்றே இது செய்யப்பட்டது என்பதை அக்கல் மறவாது குறிக்கின்றது. பாரசீகச் சொல் தமிழ்க் கல்லில் ஏறியமை ஈண்டு நோக்கற்பாலது. இசைவுச் சீட்டுக்கு அத்துறையில் வழங்கிய சொல் அதுவாகவே இருந்திருத்தல் கூடும். பரோசிற் பட்டினவாயிலைத் தாமே காத்த வணிகர் மரபினர், இங்கே பேரரசின் ஆணைக்குக் காத்திருந்தனர்.

அப்பேரரசில் அயலார்க்கு இருந்த ஒழுங்குகளைப் பயணிகளின் குறிப்புக்களால் அறிகின்றோம். யுவான் ஆட்சிக்கு நெடுங்காலம் முன்னரே, 851-இல் எழுந்த அரபு நூலொன்று, சீனத்தில் ஊர்விட்டு ஊர் செல்வோர் இரண்டு சீட்டுக்கள் பெறவேண்டும் என்கின்றது. ஒன்று ஆளைப் பற்றியது; மற்றொன்று அவன் கொண்டுசெல்லும் பணத்தையும் பண்டத்தையும் பற்றியது. ஆளையும் பணத்தையும் தனித்தனியே பதிந்து காத்த இம்முறையை நம் காலத்துக் குடிநுழைவு, செலாவணி அலுவலகங்களின் முன்னோடி எனலாம்.

பதினான்காம் நூற்றாண்டினரான இபின் பதூதா, பொன் வெள்ளி கொண்டு கடைத்தெருவில் வாங்கவியலாது, முத்திரையிட்ட தாளாக மாற்றியே வாங்கவேண்டும் என்கின்றார். கிழிந்த தாளுக்குக் கட்டணமின்றிப் புதுத்தாள் கிடைத்ததாம். பொன்னைக் கொடுத்துத் தாளைப் பெற்ற வேற்றுநாட்டு வணிகர் முதலில் எத்துணை ஐயுற்றிருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. வந்திறங்கிய இசுலாமிய வணிகர், அங்கே குடியேறிய தம்மவர் ஒருவரிடமோ விடுதியிலோ தங்குவர் என்றும் அவர் எழுதுகின்றார். வீட்டுக்குரியவர் வந்தவரின் பணத்தைத் தம் பொறுப்பில் வாங்கி வைத்து, அவர் செலவுகளை அதிலிருந்து நேர்மையாகச் செய்வார். புறப்படும் நாளில் பணத்தை எண்ணுவர். குறைவு காணப்படின் அதனை ஈடுசெய்வது வீட்டுக்குரியவர் கடன்.