ஏர் விங் என்.சி.சி.யும் எங்க வீட்டு ரெண்டு புள்ளைகளும்

எங்க தோட்டம் சூலூர் பக்கம். விமானச் சத்தம் கேக்காம ஒரு நாளும் களை எடுத்ததில்ல. இரண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ்காரங்க போட்ட ஓடுதளம் இது. இப்ப நம்ம விமானப் படையோட தேஜஸ் விமானங்க இங்க நிக்குது. பட்டணத்துல இருந்து வர்ற சொந்தக்காரங்க வாய் பொளந்து பாப்பாங்க. எங்களுக்கு அது காக்கா பறக்கற மாதிரிதான். நம்ம தலைக்கு மேல பறந்தாலும் நமக்குச் சம்பந்தமில்லாத ஒண்ணுன்னுதான் ரொம்ப வருசம் நெனச்சிருந்தேன்.

1983-ல ஒன்பதாவது படிக்கும்போது நானும் என்.சி.சி.யில இருந்தேன். தேசபக்தின்னு பொய் சொல்ல மாட்டேன். பரேடு முடிஞ்சதும் குடுக்கற பூரி கிழங்குக்காகத்தான் சேர்ந்தேன். எங்க பள்ளிக்கூடத்துல தரைப்படைப் பிரிவு மட்டும்தான். ஏர் விங்னு ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது.

தேசிய மாணவர் படைக்குப் பெரிய கதை இருக்கு. சுதந்திரத்துக்கு முன்னாடி, 1946-ல, குன்ஸ்ரு தலைமையில ஒரு குழு போட்டாங்க. அதோட யோசனைப்படி 1948 ஜூலை 15-ல என்.சி.சி. ஆரம்பமாச்சு. மறு வருசமே பெண்கள் பிரிவு வந்தது. 1950-ல பம்பாயில ஒண்ணு, கல்கத்தாவுல ஒண்ணுன்னு ரெண்டே ரெண்டு ஸ்குவாட்ரனோட விமானப் பிரிவு தொடங்குச்சு. சீனப் போருக்கு அப்புறம் 1963-ல கல்லூரிப் பசங்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கினாங்க. 1968-ல மறுபடியும் விருப்பப்பட்டவங்க மட்டும் சேரலாம்னு மாத்திட்டாங்க. இடையில 1965 போர்லயும், பின்னாடி 1971 போர்லயும் இந்த மாணவருங்க போக்குவரத்தை ஒழுங்குபடுத்தறது, மீட்பு வேலைன்னு உதவியிருக்காங்க.

இதெல்லாம் எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது. 2012-ல பெரியவ காலேஜ் சேர்ந்தப்ப ஒரு பாரத்தை நீட்டி, "அப்பா, ஏர் விங்ல சேரட்டுமா? கையெழுத்துப் போடுங்க"ன்னா. பத்து நாள் முகாம் போகணும்னு சொன்னா. "பொட்டப்புள்ளைய பத்து நாள் வெளிய அனுப்பறதா?"ன்னு எங்கம்மா சத்தம் போட்டாங்க. நானும் தலையாட்டிட்டேன். அவ எதுத்துப் பேசல, பாரத்தை மடிச்சுப் புஸ்தகத்துக்குள்ள வெச்சுட்டா. மூணு வருசத்துல கல்யாணம் பண்ணி அனுப்பிட்டேன்.

2018-ல சின்னவளும் அதே பாரத்தை நீட்டினா. இந்தத் தடவ யாரையும் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஏர் விங்ல பரேடு, துப்பாக்கி சுடறது எல்லாம் மத்த பிரிவு மாதிரிதான். அதுக்கு மேல, விமானம் எப்படிப் பறக்குது, இன்ஜின், திசை பாக்கறது, வானிலைன்னு பாடம் உண்டு. லேசான மரத்துல குட்டி விமானம் செஞ்சு பறக்க விடுவாங்க. ரெண்டு பேர் உக்கார்ற சின்ன விமானத்துல சில பேருக்குப் பறக்கவும் வாய்ப்பு கிடைக்கும். சின்னவளுக்குக் கிடைக்கல.

ஆனா அவ படிச்ச பாடம் தோட்டத்துக்கு வந்துச்சு. ஆடி மாசத்துல பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கும்போது, விமானமெல்லாம் ஏன் மேற்கு பாத்தே ஏறுதுன்னு கேட்டேன். "எதிர்காத்து இருந்தா சீக்கிரம் மேல எழும்பும்ப்பா"ன்னா. ஆயிரம் அடி ஏறினா சுமாரா ரெண்டு டிகிரி சூடு கொறையும், மேகம் அப்படித்தான் கட்டுதுன்னு மண்ணுல கோடு போட்டுக் காட்டினா. இத்தனை வருசமா மேகத்தைப் பாத்து வெதைக்கறவன் நான். அன்னைக்குத்தான் காரணம் தெரிஞ்சது.

சி சான்றிதழ் வாங்கினா, விமானப் படை அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு இல்லாம நேரா நேர்முகத் தேர்வுக்குப் போக ஒரு தனி வழி இருக்கு. சின்னவ போனா, தேறல. இப்ப கோயமுத்தூர்ல ஒரு கம்பெனியில வேலை. பைலட் ஆகாட்டி என்னங்க? பேங்க்ல அவங்கப்பனுக்காக நிமிந்து நின்னு பேசறா. ராத்திரி மோட்டார் ரிப்பேர்னா டார்ச்சை எடுத்துக்கிட்டு மொத ஆளா வர்றா. சேர்ற பிள்ளைகள்ல முக்கால்வாசிப் பேர் விமானப் படைக்குப் போக மாட்டாங்க. அவங்க கையில நிக்கறது இந்த நிமிர்வுதான்.

சின்னவ மொத முகாமுக்குக் கெளம்பின அன்னைக்குப் பெரியவ கொழந்தையோட வீட்டுக்கு வந்திருந்தா. தங்கச்சியோட யூனிபார்மை வாங்கி, மடிப்பு கலையாம தேய்ச்சுக் குடுத்தா. ஷூவுக்கும் பாலீஷ் போட்டா. ஒரு வார்த்தை பேசல. அதைப் பாத்துக்கிட்டு எனக்குத் திண்ணையில உக்கார முடியல, எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிட்டேன்.

உங்க வீட்டுல புள்ளைக யாராச்சும் அந்தப் பாரத்தைக் கொண்டு வந்தா, யார் என்ன சொல்லுவாங்கன்னு யோசிக்காதீங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க.